மருத்துவ மாணவருக்குக் கணினி எப்படிக் கற்றுத் தருகிறது? – ஓர் எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைத்துவிட்டால், வீட்டில் முதலில் தேடும் பொருள்களில் மடிக்கணினியும் ஒன்று. வெளிநாட்டில் இருக்கிற மாமாவோ சித்தியோ அனுப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் கடன்பட்டாவது வாங்கிக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு இரண்டு விதமான பேச்சு கேட்கும். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு என்ன குறை, எல்லாம் போனுக்குள்ளேயே கிடக்கு" என்பது ஒன்று. "எந்த நேரமும் போனும் கையுமாய் இருந்தால் எப்பிடிப் படிப்பு ஏறும்?" என்பது மற்றது.

இரண்டு பேச்சும் கருவியோடு நின்றுவிடுகின்றன. அதைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கும்போது பிள்ளையின் மூளை என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரே மடிக்கணினியில் ஒருவர் மூன்று மணி நேரம் விரிவுரைப் படங்களைப் புரட்டிவிட்டு எதுவும் மனதில் நிற்காமல் எழும்பலாம். பக்கத்து அறையில் இருப்பவர் அரை மணி நேரத்தில் அடுத்த மாதம் வரைக்கும் மறக்காத அளவுக்குப் படித்து முடிக்கலாம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக மருத்துவபீடத்துக்குள் வந்தவர்களையும் அவர்களின் பெற்றோரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

தெரியும், பாவிக்கிறேன், பயன்படுகிறது

மருத்துவ மாணவர்களின் கணினி விழிப்புணர்வு பற்றிப் பல நாடுகளில் ஆய்வுகள் நடக்கின்றன. பெரும்பாலும் ஒரு வினாக்கொத்தைக் கொடுப்பார்கள். சொந்தமாகக் கணினி இருக்கிறதா? கிழமைக்கு எத்தனை மணி நேரம் இணையத்தில் இருக்கிறீர்கள்? வேர்ட், பவர்பொயின்ற் தெரியுமா? உங்கள் திறமைக்கு நீங்களே எத்தனை புள்ளி போடுவீர்கள்? இவற்றுக்கு வரும் பதில்களைக் கூட்டிப் பார்த்து, "மாணவர்கள் கணினியில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள்" என்று முடிவெழுதிவிடுவது இலகு.

ஆனால் இங்கே மூன்று வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு வசதி இருப்பதை அறிந்திருப்பது ஒன்று. அதை அடிக்கடி பாவிப்பது இன்னொன்று. அதைக்கொண்டு கற்றது மனதில் நிற்பது மூன்றாவது. முதல் இரண்டையும் வினாக்கொத்து காட்டும். மூன்றாவதைப் பார்க்க வேண்டுமென்றால் மாணவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். தன் திறமைக்குத் தானே புள்ளி போடும்போது எல்லோரும் கொஞ்சம் தாராளமாகத்தான் போடுவோம்.

இணையக் காலத்தில் பிறந்த தலைமுறைக்குக் கணினி தாய்மொழி மாதிரி என்று மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் 2001 இல் எழுதினார். கேட்க நன்றாக இருந்ததால் அந்தக் கருத்து உலகம் முழுக்கப் பரவியது. வட்ஸ்அப்பிலும் யூரியூப்பிலும் விரல் ஓடுவது உண்மைதான். ஆனால் ஒரு மருந்தின் பக்கவிளைவை நம்பகமான இடத்தில் தேடி எடுப்பதும், படித்ததைத் தனக்குத் தானே சோதித்துப் பார்ப்பதும் அந்த விரல் ஓட்டத்தோடு கூட வருவதில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குத் தானாகவே தெரியும் என்று நினைத்துவிடுவதால்தான் பல இடங்களில் சொல்லிக் கொடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விடயம்.

2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் இந்த வித்தியாசம் வெளிச்சத்துக்கு வந்தது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு ஸூம் வசதியை இலவசமாகக் கொடுத்தது. டேற்றா செலவில்லாமல் பாடங்களைப் பார்க்கவும் வழி செய்தார்கள். பெரிய உதவி அது. விரிவுரைகள் வீடு தேடி வந்தன. ஆனால் வந்த விரிவுரையை வைத்து எப்படிப் படிப்பது என்பதை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கணினி கையில் இருப்பதும் அதைப் பாவிப்பதும் கற்றலுக்கு முந்திய படிகள். கற்றல் எங்கே நடக்கிறது என்று பார்க்க மூளையின் பக்கம் போக வேண்டும்.

படித்தது ஏன் மறக்கிறது?

வெங்காயப் பாத்திக்கு ஒரு கிழமைத் தண்ணீரையும் ஒரே நாளில் இறைத்துவிட்டு மிச்ச நாள் சும்மா இருக்க எங்கள் ஊரில் எந்தக் கமக்காரரும் துணிய மாட்டார். செம்பாட்டு மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். வேர் குடித்தது போக மிச்சத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதனால் மண் காயத் தொடங்குகிற நேரம் பார்த்து, இடைவெளி விட்டு விட்டுத்தான் இறைப்பார்கள்.

ஞாபகமும் ஏறக்குறைய இப்படித்தான். ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்மன் எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885 இல் வெளியிட்டார். மனப்பாடம் செய்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு கரைகிற வேகம் குறைந்துகொண்டே போனது. ஆக, பெரிய இழப்பு தொடக்கத்திலேயே நடக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் இரவிரவாக விழித்துப் படித்ததெல்லாம் பரீட்சை மண்டபத்தைத் தாண்டி நிற்காததற்கு இதுதான் காரணம்.

இடைவெளி விட்டுப் படிப்பது ஒரு பாதி. மறுபாதி, அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பது. பெரும்பாலானவர்கள் நோட்ஸை இன்னொரு தரம் வாசிப்பார்கள். இரண்டாம் தரம் வாசிக்கும்போது எல்லாம் பழகின முகம் மாதிரித் தெரியும். "ஓம், இது எனக்குத் தெரியும்" என்று மனம் சொல்லும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். பார்த்தவுடன் இனம் காண்பதும், பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பதும் வேறு வேறு வேலைகள். வார்ட்டில் நோயாளிக்கு முன்னால் நிற்கும்போது இரண்டாவதுதான் கைகொடுக்கும்.

2006 இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதை அழகாகச் சோதித்துக் காட்டினார்கள். மாணவர்கள் ஒரு பகுதியை வாசித்தார்கள். பிறகு ஒரு பிரிவினர் அதை மீண்டும் வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள்: 81 வீதம், மற்றவர்கள் 75 வீதம். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். திரும்ப வாசித்தவர்களிடம் மிஞ்சியது 42 வீதம். மூடிவைத்து எழுதியவர்களிடம் 56 வீதம்.

இப்படி மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதற்கு மீட்டெடுப்புப் பயிற்சி என்று பெயர். கட்டுரையில் மிச்சம் எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். எங்கள் பல்கலைக்கழகங்களில் சீனியர் அண்ணாவோ அக்காவோ எடுக்கும் குப்பி வகுப்பு ஏன் இவ்வளவு பயன் தருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் நடுவில் நிறுத்தி, "சரி, நீ சொல்லு பாப்பம்" என்பார்கள். அந்த ஒரு வரிக்குள்தான் மீட்டெடுப்பு இருக்கிறது.

சுருக்கமாக: இடைவெளி விட்டுப் படிக்க வேண்டும், அந்த நேரத்தில் வாசிக்காமல், மூடிவைத்துவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

கணினிக்கு இதில் என்ன வேலை?

ஆயிரக்கணக்கான விடயங்களில் எதை எந்த நாளில் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற கணக்கை மனிதர் வைத்திருக்க முடியாது. கணினி வைத்திருக்கும். இதைச் செய்யும் செயலிகளில் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் அதிகம் பாவிப்பது அங்கி (Anki). 2006 இல் வெளிவந்தது. கணினியிலும் ஆண்ட்ரொய்ட் போனிலும் இலவசம். கேள்வி-பதில் அட்டைகளை ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். 2022 இல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்தால் இது சின்ன வசதி இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். அட்டையின் முன்பக்கம் ஒரு கேள்வி. நீங்கள் மனதில் பதிலைச் சொல்லிவிட்டுப் பின்பக்கத்தைத் திறக்கிறீர்கள். சரியா, கஷ்டமாக இருந்ததா, பிழையா என்று ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். அதைப் பொறுத்து அடுத்த நாள் குறிக்கப்படும். அங்கியின் தொடக்க முறை 1987 இல் போலந்தைச் சேர்ந்த வொஸ்னியாக் எழுதிய ஒரு கணக்கிலிருந்து வந்தது. அதன்படி முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள், பிறகு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு: 15, 38, 95. ஐந்து தடவை சரியாகச் சொன்னால் ஐந்து மாதம் தாண்டிவிடும். பிழைத்தால் மறுபடி தொடக்கத்துக்கு வரும். எது உங்களுக்கு ஏறவில்லையோ அது அடிக்கடி வரும், ஏறினது தள்ளிப் போகும்.

அட்டை எழுதுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். "ரேடியல் நரம்பு பற்றி எழுதுக" என்று ஓர் அட்டை போட்டால் அது பயன்படாது. பதில் இரண்டு பக்கம் வரும், எது சரி எது பிழை என்று உங்களுக்கே தெரியாது. இப்படிப் போட்டுப் பாருங்கள்: "மேற்கை எலும்பு நடுவில் முறிந்து வந்தவரால் மணிக்கட்டை நிமிர்த்த முடியவில்லை. எந்த நரம்பு?" பதில் ஒரே சொல், ரேடியல். இரண்டாவது அட்டை: "ஏன் அந்த நரம்பு?" அந்த எலும்பின் பின்பக்கத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போவதால். ஓர் அட்டைக்கு ஒரு விடயம். காரணம் கேட்கும் அட்டை கட்டாயம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, மருத்துவபீடத்துக்குள் போனதும் எல்லாம் ஆங்கிலம். புயவென்பு ஹியூமரஸ் ஆகிவிடும், தொடையென்பு ஃபீமர் ஆகிவிடும். முதல் மாதங்களில் பாடத்தைவிடச் சொற்கள்தான் தடக்கும். உயர்தரத்தில் படித்த சொல் ஒரு பக்கமும் விரிவுரையில் கேட்ட சொல் மறுபக்கமுமாக அட்டைகள் போட்டால், தெரிந்த விடயத்தைத் தெரியாதது மாதிரி மறுபடி படிக்கத் தேவையில்லை. பிறகு வார்ட்டுக்குப் போகும்போது இதுவே மறுபக்கமாகத் திரும்பி வரும், நோயாளி பேசுவது தமிழில். நோயாளி சலரோகம் என்பார், முட்டு என்பார், நெஞ்சு நோகுது என்பார். யாழ்ப்பாணத்தில் படிக்க வரும் சிங்கள மாணவர்களுக்கு இந்த அட்டைகள் இன்னும் கூடுதலாகத் தேவை. ஒரு பற்ச் சேர்ந்து இப்படி ஒரு தொகுப்பைச் செய்தால் அடுத்து வருகிற பற்ச்சுகளுக்கும் உதவும்.

ஒன்றில் கவனம் வேண்டும். உற்சாகத்தில் நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்று தொடங்கினால், சில மாதங்களில் நாளாந்தம் திரும்பப் பார்க்க வேண்டியவை 100 ஐத் தாண்டிவிடும். நாலு நாள் விட்டால் மலைபோல் குவியும், அதோடு கைவிட்டுவிடுவார்கள். அளவாகத் தொடங்குங்கள். யாரோ செய்த பெரிய தொகுப்பை இறக்கி வைத்துக்கொள்வதையும் நான் அவ்வளவாக விரும்புவதில்லை. அட்டை எழுதும்போதே பாதிப் படிப்பு முடிகிறது. அந்தப் பாதியை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூடில் போன்ற கற்றல் தளங்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. விரிவுரையாளர் பாடங்களையும் ஒப்படைகளையும் ஏற்றும் இடம் அது. அதில் வினாடிவினா இருந்தால் தவறாமல் செய்யுங்கள். பி.டி.எவ் கோப்புகளை இறக்கி டவுன்லோட் கோப்புறையில் சேர்த்து வைப்பது படிப்பில் சேராது.

தேடுவதும் ஒரு கலை

கூகிளில் ஒரு நோயின் பெயரை அடித்தால் விளம்பரம், வைத்தியசாலை வலைப்பக்கம், பத்திரிகைக் கட்டுரை, ஆய்வு எல்லாம் கலந்து வரும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேட பப்மெட் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1996 இல் தொடங்கியது. இன்று மூன்று கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் அதில் உண்டு. தேட யாருக்கும் காசு தேவையில்லை.

பப்மெட்டின் அருமை அதன் சொல்லொழுங்கில் இருக்கிறது. ஒரே நோய்க்கு ஒருவர் ஹார்ட் அற்றாக் என்று எழுதுவார், இன்னொருவர் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்பார். நூலகம் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நிலையான தலைப்பை வைத்திருக்கிறது. அந்தத் தலைப்புப் பட்டியலை மெஷ் என்பார்கள். நீங்கள் ஹார்ட் அற்றாக் என்று அடித்தாலும் அது மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்ற தலைப்புக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இது தெரியாதவர் நாலு விதமாக அடித்துக் களைத்துப் போவார். தெரிந்தவர் மெஷ் தலைப்பைக் கண்டுபிடித்து ஒரே தடவையில் தேடி முடிப்பார்.

கட்டுரையின் சுருக்கம் கிடைக்கும், முழுதும் திறக்காது. அப்போது பப்மெட் சென்ட்ரலில் பாருங்கள், அங்கே இருப்பதெல்லாம் இலவசமாக முழுமையாக வாசிக்கக் கூடியவை. உலக சுகாதார நிறுவனம் 2002 இல் தொடங்கிய ஹினாரி போன்ற திட்டங்களும் உண்டு. அவற்றில் தனி ஆள் பதிய முடியாது, நிறுவனம்தான் பதிய வேண்டும். ஆகவே உங்கள் நூலகத்தில் இருக்கும் நூலகரிடம் என்னென்ன வசதி இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். மாணவர்கள் மிகக் குறைவாகக் கேட்கும் ஆள் அவர்தான். அவருக்குத்தான் தேடத் தெரியும்.

இன்னொன்று, எங்கள் ஊருக்கு எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும். மார்கழி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடும். அமெரிக்கத் தளத்தில் வாசித்தால் டெங்கு பயணிகளுக்கு வருகிற அபூர்வ நோய் மாதிரித் தெரியும். இங்கே எங்கள் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது, இலவசமாக இறக்கலாம். வார்ட்டில் சேலைன் ஓடுவது அந்த வழிகாட்டியின்படிதான்.

படமும் பாவனையும்

உடற்கூற்றியலில் முப்பரிமாணப் படங்கள் நல்ல துணை. 1994 இல் அதே அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் இறந்த ஓர் ஆணின் உடலை ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் வெட்டி எடுத்த படங்களை வெளியிட்டது. இன்றைய பல உடற்கூற்றுச் செயலிகளுக்கு வழி திறந்தது அந்த வேலை. படத்தைச் சுழற்றிப் பார்ப்பது விளங்கிக்கொள்ள உதவும். ஆனால் பெயர்களை மறைத்துவிட்டு நீங்களே சொல்லிப் பார்த்தால்தான் நினைவில் நிற்கும். டிசெக்‌ஷன் அறையில், அதாவது உடலை வெட்டிப் படிக்கும் இடத்தில், கையில் படுகிற இழையத்தின் உறுதியை எந்தத் திரையும் தராது.

அரட்டை இயந்திரத்திடம் கேட்கலாமா?

2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பிறகு எல்லோரும் கேட்கிற கேள்வி இது. சட்ஜிபிடி என்பது அரட்டை மாதிரிக் கேட்டால் எழுத்தில் பதில் தரும் ஒரு கணினி நிரல். பெருந்தொகையான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து வசனத்தைக் கட்டுகிறது. வசனம் சரளமாக வருவதற்கும் அது உண்மையாக இருப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இல்லாத ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் போட்டுத் தந்துவிடும். மருந்தளவை உறுதியான குரலில் பிழையாகச் சொல்லிவிடும். தமிழ் எழுத்து இணையத்தில் குறைவு என்பதால் தமிழில் கேட்டால் தடுமாற்றம் இன்னும் கூடும்.

அதற்காக ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அதனிடம் பதில் கேட்பதைவிட, உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "மஞ்சட்காமாலையோடு வந்த நோயாளியாக நடி, நான் வரலாறு கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்க மறந்ததைப் பிறகு அது சுட்டிக்காட்டும். அது சொன்ன மருத்துவ விடயத்தைப் புத்தகத்தில் சரிபார்த்த பின்தான் நோட்ஸில் எழுத வேண்டும்.

இந்தப் பகுதிகளின் சாரம்: தேடும்போது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், படமோ அரட்டையோ எதுவானாலும் உங்களை நினைவிலிருந்து எடுக்க வைக்கும் விதமாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

வார்ட்டுக்குள் போன்

கிளினிக்கல் தொடங்கியதும் போனுக்கு வேறொரு பாரம் வருகிறது. நோயாளியின் பி.எச்.ரி.யை, அதாவது வார்ட்டில் அவருடைய விவரங்களை எழுதி வைக்கும் ஏட்டை, படம் பிடித்துப் பற்ச்சின் வட்ஸ்அப் குழுவில் போடுவது ஒரு நொடி வேலை. அதில் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, நோய் இருக்கிறது. யாழ்ப்பாணம் மாதிரிச் சின்ன ஊரில் இன்னாருடைய மகள் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. நம்பி வந்து படுத்திருப்பவருக்குச் செய்யும் பெரிய துரோகம் இது. 2022 இல் பாராளுமன்றம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. படம் வேண்டாம். அரட்டை இயந்திரத்துக்குள்ளும் நோயாளியின் அடையாளம் போகக் கூடாது.

நல்ல வழி இருக்கிறது. டெங்கு நோயாளி ஒருவரைப் பார்த்தீர்கள் என்று வையுங்கள். ஈரல் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பார்த்தீர்கள், காய்ச்சல் எத்தனையாம் நாள் என்று கேட்டீர்கள். விடுதிக்கு வந்ததும் பெயரில்லாமல் இரண்டே அட்டைகள் போடுங்கள். "காய்ச்சல் குறையும்போது ஏன் கூடுதல் கவனம்?" அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, வெளியே கசியத் தொடங்கலாம். "கசிவை வார்ட்டில் எதை வைத்துப் பிடிப்பார்கள்?" பி.சி.வி. ஏறுவதை வைத்து, அதாவது இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு கூடுவதை வைத்து. அப்புறம் தேசிய வழிகாட்டியைத் திறந்து அந்தப் பகுதியை மட்டும் வாசியுங்கள். அடுத்த நாள் ரவுண்டில் அதே கட்டிலுக்கு முன்னால் நின்று, போனைப் பார்க்காமல் பதில் சொல்லலாம்.